செயலிக்குப் பெயர் தெரியாத செடி புதிய சிற்றினம் ஆகுமா?

கேள்வி இதுதான்: மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்தபோது கண்ட ஒரு சிறுசெடியின் படத்தைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றிப் பார்த்தால் பொருத்தமான பெயர் எதுவும் வரவில்லை, கையில் இருந்த நூல்களிலும் அதைப் போன்ற படம் இல்லை, அப்படியானால் அது அறிவியலுக்குப் புதிய சிற்றினமாக இருக்குமா, இதை யார் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இருக்காது. ஒரு செடியைப் புதியது என்று அறிவிப்பது, இதுவரை பெயரிடப்பட்ட எந்தச் செடியும் இது அல்ல என்று அறிவிப்பதாகும். உலகில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கலன்தாவரச் சிற்றினங்கள், அதாவது நீரைக் கடத்தும் குழல்கள் கொண்ட செடிகள், ஏறத்தாழ 3,50,000. அவற்றுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அறிஞர்கள் இட்ட பெயர்களோ 13 லட்சத்துக்கும் மேல். சராசரியாக ஒரு செடிக்கு நான்கு பெயர்கள் இருக்கின்றன என்றால், தன் கையில் இருப்பது புதியது என்று நம்பிப் பெயரிட்டவர்களில் பலர் ஏற்கெனவே பெயர் பெற்ற செடிக்கே இன்னொரு பெயரைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது விளங்கும். ஆகவே செடிகளை வகைப்படுத்திப் பெயரிடும் வகைப்பாட்டியலாளர் தம் உழைப்பில் பெரும்பகுதியைச் செடியைத் தேடுவதில் செலவிடுவதில்லை. அதற்குப் பெயர் இருக்கிறதா என்று தேடுவதில்தான் செலவிடுகிறார்.

செயலி பெயர் சொல்லாததை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. செயலி தனக்குக் காட்டப்பட்ட படங்களிலிருந்து கற்றுக்கொண்டது. தோட்டச் செடிகளுக்கும் சாலையோரக் களைகளுக்கும் படங்கள் ஏராளமாகக் கிடைக்கும். அகத்தியமலையின் ஒரு சரிவில் மட்டும் வளரும் மரத்துக்குப் பத்துப் படங்கள் கிடைத்தாலே அதிகம். அதைவிட முக்கியமானது, பல பேரினங்களில், அதாவது நெருங்கிய சிற்றினங்களைச் சேர்த்த தொகுதிகளில், சிற்றினங்களைப் பிரிக்கும் பண்புகள் சாதாரணப் படத்தில் விழுவதே இல்லை.

எல்லோரும் அறிந்த தும்பையை எடுத்துக்கொள்வோம். வயல்வரப்பில் நிற்கும் தும்பையும் மலைப்புல்வெளியில் நிற்கும் தும்பையும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும்: அதே வெள்ளை உதடு, கணுவில் அதே பூக்கொத்து. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, பூவைக் கழற்றிவிட்டு, எஞ்சிய பச்சைப் புல்லிக் குழலைப் பாருங்கள். நம் சாதாரணத் தும்பையில் அந்தக் குழல் சற்று வளைந்திருக்கும். அதன் கீழ்ப்பாதி மயிரில்லாமல் மெல்லிய சவ்வைப் போலவும், மேற்பாதி நரம்போடி முரட்டு மயிருடனும் இருக்கும். வாய் நேராக இல்லாமல் சாய்ந்து, மேல்விளிம்பு முன்னோக்கி நீண்டிருக்கும். மலைத்தும்பைகள் சிலவற்றில் வாய் நேராக வெட்டினாற்போல் இருக்கும். வேறு சிலவற்றில் வாய் முழுவதும் பஞ்சு போன்ற மயிர் அடைத்திருக்கும். இந்த வாயின் சாய்வு, பற்களின் எண்ணிக்கையும் அளவும், பூவடிச் செதிலின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டுதான் தும்பைப் பேரினத்தின் சிற்றினங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் எடுத்த படத்தில் புல்லிக் குழலின் வாய் தெரியவில்லை என்றால், அந்தப் படத்தை வைத்து யாராலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட பண்புகளை இரண்டிரண்டாக எதிர்நிறுத்தி, இதுவா அதுவா என்று கேட்டுக்கொண்டே போய் ஒரு பெயரில் முடிக்கும் கருவிதான் திறவுகோல். தென்னிந்தியாவுக்கு இன்றும் முதலில் கையில் எடுக்கும் திறவுகோல், கேம்பிள் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் எழுதத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பில் உள்ளது. அது 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 1925-இல் கேம்பிள் இறந்துவிட, எஞ்சியதை ஃபிஷர் முடித்தார். நூறாண்டுப் பழைமையான அந்நூலில் பெயர்கள் பல மாறிவிட்டன, குடும்ப எல்லைகளும் மாறிவிட்டன. ஆனாலும் அதன் திறவுகோல்கள் செடியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை என்பதால் இன்னும் வேலை செய்கின்றன. திருச்சி, தஞ்சை போன்ற சமவெளி மாவட்டங்களுக்கும் அவற்றை ஒட்டிய குன்றுகளுக்கும் அருட்தந்தை மேத்யூ 1980-களில் வெளியிட்ட தொகுப்பு இன்னும் நுட்பமானது. உங்கள் செடி இந்தத் திறவுகோல்களில் எங்கோ ஓரிடத்தில் இரண்டு கிளைக்கும் பொருந்தாமல் நின்றால், அப்போதுதான் ஐயம் எழ வேண்டும். அந்த ஐயமும் முதலில் இது வெளிநாட்டிலிருந்து வந்து காட்டுக்குள் பரவிய செடியா என்பதாக இருக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களையும் பங்களாத் தோட்டங்களையும் ஒட்டிய சோலைகளில் தென் அமெரிக்கச் செடிகள் பல தாமாகவே வளர்ந்து நிற்கின்றன. அதன் பிறகு இலங்கை, மியான்மர், மலேசியத் தொகுப்புகளையும் புரட்டிப் பார்க்க வேண்டும். இங்கே இதுவரை பதிவாகாத செடி அங்கே இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்றிருக்கலாம்.

இதற்கெல்லாம் செடியின் உலர்ந்த மாதிரி வேண்டும். பூவும், முடிந்தால் காயும் உள்ள கிளையைச் செய்தித்தாள் மடிப்புகளுக்கிடையே விரித்து, அழுத்திக் கட்டி, ஈரத்தாளை நாள்தோறும் மாற்றிக் காயவைத்து, ஏறத்தாழ 42-க்கு 28 சென்டிமீட்டர் அளவுள்ள கெட்டி அட்டையில் ஒட்டித் தைப்பார்கள். ஒரு இலையையாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைப்பது வழக்கம், ஏனென்றால் மயிரும் சுரப்பிப் புள்ளிகளும் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். அட்டையின் வலது கீழ்மூலையில் ஒட்டப்படும் சீட்டு, அட்டையில் உள்ள செடிக்கு நிகராக முக்கியமானது. இடம், உயரம், தேதி, சேகரித்தவரின் வரிசை எண் ஆகியவற்றோடு, காய்ந்தபின் மறைந்துபோகும் எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும்: பூவின் நிறம், மணம், கிள்ளினால் பால் வருகிறதா, மரம் எவ்வளவு உயரம், பட்டை எப்படி உரிகிறது. காசித்தும்பைப் பேரினத்தில் வேலை செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். இந்தியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ள அந்தப் பேரினத்தின் பூ, காய்ந்தால் நனைந்த மெல்லிய தாளைப் போல ஒட்டிக்கொள்ளும். இதழின் மடல் எது, தேன்குழல் எவ்வளவு வளைந்தது என்று பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் அப்பூவை அங்கேயே பிரித்து, பகுதி பகுதியாக அடுக்கிப் படமெடுத்து, சில பூக்களைச் சாராயக் கரைசலில் போட்டு வைப்பார்கள்.

மாதிரி கையில் வந்தபின் ஒப்பிட வேண்டும். எதனோடு என்பதில்தான் இத்துறையின் அடிப்படை விதி இருக்கிறது. ஒரு சிற்றினத்தின் பெயர் ஒரு வரையறையோடு கட்டப்படுவதில்லை. ஒரு குறிப்பிட்ட மாதிரியோடு நிரந்தரமாகக் கட்டப்படுகிறது. அதை வகைக்காட்டு அல்லது டைப் என்கிறோம். பெயரிட்டவரே தேர்ந்து குறித்த ஒரே மாதிரி ஹோலோடைப். விவரிப்பில் பிழை இருக்கலாம், படம் தவறாக வரையப்பட்டிருக்கலாம். டைப் எந்தச் செடியோ அந்தச் செடிக்கே பெயர் உரியது. நூலில் உள்ள விவரிப்போடு மட்டும் ஒப்பிட்டுவிட்டுப் புதியது என்று அறிவித்தவர்கள் பின்னர் திரும்பப் பெற நேர்வதற்கு இதுவே முதற்காரணம்.

தமிழ்நாட்டுச் செடிகளைப் பொறுத்தவரை இதில் ஒரு பழைய சங்கடம் உண்டு. செடிகளுக்கு இருசொற்பெயர் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அதே ஊருக்குப் பின்னர் வந்த ரோட்லர் தென்னாடெங்கும் சேகரித்தார். ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை 2,101 படங்களுடன் பெருந்தொகுப்பை வெளியிட்டார். அந்தப் படங்களை வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் இரு இந்திய ஓவியர்களின் பெயர்கள் இன்று தாவரவியலாளர்களுக்கு வெளியே அதிகம் தெரியாது. பூவின் உட்பகுதிகளை வெட்டிப் பிரித்து அவர்கள் வரைந்து தந்தவை இன்றும் அடையாளம் காண உதவுகின்றன. இவர்கள் காலத்து மாதிரிகளில் பெரும்பாலானவை கோபன்ஹேகன், லண்டன், லண்டனின் கியூ தாவரத் தோட்டம், எடின்பரோ ஆகிய இடங்களில் உள்ள உலர்செடிக் காப்பகங்களில் இருக்கின்றன. திருநெல்வேலி மலையில் எடுத்த செடியை ஒப்பிட எடின்பரோவுக்குப் போக வேண்டியிருந்த காலம் வெகுதொலைவில் இல்லை. இப்போது டைப் மாதிரிகளின் உயர்தெளிவுப் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, அது பெரிய விடுதலை. இருந்தாலும் படத்தில் பூவைப் பிரித்துப் பார்க்க முடியாது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்வட்டாரக் காப்பகத்தில் உள்ள அலமாரிகளின் முன் நின்று, ஒரு சிற்றினத்தின் முப்பது மாதிரிகளை வரிசையாக விரித்துப் பார்ப்பதற்கு எதுவும் ஈடாகாது. ஒரு சிற்றினம் எவ்வளவு வேறுபடும் என்பது அங்கேதான் கண்ணில் படும்.

டைப்பின் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்குக் கருவேலத்தின் கதையை விடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. அகேசியா என்ற பேரினத்தின் டைப் சிற்றினமே கருவேலம்தான். அதாவது அந்தப் பெயருக்கு முழு உரிமையுள்ள மரம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்களைக் கொண்ட அப்பேரினம் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்த இயற்கையான குலம் அல்ல, பிரிக்க வேண்டும் என்று தெரிந்தபோது, விதிப்படி பெயர் கருவேலத்தோடு நின்று, ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்கள் வேறு பெயர் பெற வேண்டியிருந்தது. அவ்வளவு பெயர்களை மாற்ற வேண்டாம் என்று, டைப்பையே ஆஸ்திரேலியச் சிற்றினம் ஒன்றுக்கு மாற்றும் முன்மொழிவு 2005-இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் பேரவையில் ஏற்கப்பட்டது. கடும் சர்ச்சைக்குப் பின் 2011-இல் மெல்போர்ன் பேரவையும் அதை உறுதிசெய்தது. அதனால்தான் கருவேலமும் வெள்வேலும் குடைவேலும் இன்று வச்செலியா ஆகிவிட்டன. பேரினம் பிரிந்ததால் கருங்காலி செனகாலியா ஆகிவிட்டது. செடியைப் பற்றிய அறிவில் ஏற்பட்ட மாற்றம் வேறு, பெயர் யாருக்குச் சேர்வது என்ற தீர்ப்பு வேறு. முன்னது ஆய்வின் முடிவு. பின்னது வாக்கெடுப்பின் முடிவு. ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளின் தாவரவியலாளர்கள் அந்த வாக்கெடுப்பு முறையைக் குறைசொன்னதில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து.

எவ்வளவு வேறுபாடு இருந்தால் புதிய சிற்றினம் எனலாம் என்பதற்கு அளவுகோல் ஒன்றும் இல்லை. நிழலில் வளர்ந்த செடியின் இலை வெயிலில் வளர்ந்ததைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கலாம். கன்றுப் பருவத்து இலை, முதிர்ந்த மரத்து இலையோடு எந்த ஒற்றுமையும் இல்லாமல் இருக்கலாம். எனவே இலையின் நீள அகலத்தை மட்டும் நம்பி எழுதப்பட்ட சிற்றினங்கள் நெடுநாள் நிற்பதில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பண்புகள், அவற்றில் ஒன்றாவது பூவிலோ காயிலோ விதையிலோ இருப்பது, பல செடிகளில் இடைப்பட்ட வடிவம் இல்லாமல் நிலையாகக் காணப்படுவது: இவை சேர்ந்தால்தான் நம்பிக்கை பிறக்கும். டிஎன்ஏ வரிசைகள் இந்த முடிவுக்கு வலுச்சேர்க்கும், ஆனால் தனியாக முடிவைத் தராது. உங்கள் செடியின் நெருங்கிய உறவுகளின் வரிசைகள் தரவுத்தளத்தில் இல்லாவிட்டால், ஒப்பீட்டில் அது தனித்து நிற்கத்தான் செய்யும். அதனால் அது புதியது ஆகிவிடாது. தவறான பெயரில் ஏற்றப்பட்ட வரிசைகளும் அங்கே உண்டு.

சில செடிகளில் பண்புகளைப் பார்ப்பதற்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூப்பது எல்லோருக்கும் தெரியும். 1994, 2006, 2018 என்று கணக்குத் தவறாமல் பூத்திருக்கிறது. குறிஞ்சிப் பேரினத்தின் வேறு பல சிற்றினங்களும் இப்படி நீண்ட இடைவெளியில் ஒருசேரப் பூத்து மடிபவை. பூக்காத ஆண்டில் எடுத்த கிளையை வைத்து அவற்றைப் பிரிப்பது மிகக் கடினம். அப்படிப் பெயரில்லாமலே காப்பக அலமாரிகளில் கிடக்கும் குறிஞ்சிக் கட்டுகள் ஏராளம்.

வேறுபாட்டைக் கண்டபின் அதை எந்தத் தட்டில் வைப்பது என்பதிலும் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. 1944-இல் பிரமெகாம்ப் என்ற டச்சுத் தாவரவியலாளர், மகரந்தத் துகளின் மேற்பரப்பையும் பிற நுண்பண்புகளையும் வைத்துக் குறிஞ்சிப் பேரினத்தை ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரினங்களாகப் பிளந்தார். இந்தியாவில் பலர் அதைப் பின்பற்றி நீல்கிரியாந்தஸ் என்றெல்லாம் எழுதினார்கள். பிற்கால ஆய்வுகள் அவற்றில் பல இயற்கையான குலங்கள் அல்ல என்று காட்ட, எல்லாம் மறுபடி ஸ்ட்ரோபிலாந்தஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் திரும்பிவிட்டன. ஆவாரையின் கதை இதற்கு நேர்மாறானது. லின்னேயஸ் அதைச் சரக்கொன்றையோடு சேர்த்துக் கேசியாவில் வைத்தார், இந்தியச் செடிகளை ஆராய்ந்த ராக்ஸ்பரோவின் பெயரில் 1832-இல் வெளிவந்த நூல் அதைச் சென்னா என்றது, யாரும் கேட்கவில்லை. 1982-இல் இர்வின், பார்னபி என்ற தாவரவியலாளர்கள், சரக்கொன்றையின் மூன்று நீண்ட மகரந்தத்தாள்கள் வளைந்து நெளிந்திருப்பதும் ஆவாரையில் அப்படி இல்லாததும் போன்ற பண்புகளை அடுக்கிக்காட்டி இரண்டையும் பிரித்தபின், 150 ஆண்டு தூங்கிய அந்தப் பெயர் உயிர்பெற்றது. ஆவாரையில் சிறு காதைப் போல விரிந்த இலையடிச் செதிலை இன்றே சாலையோரத்தில் பார்க்கலாம். லின்னேயஸ் பெயரிட்டதும் அதைக் கண்டுதான்.

உங்கள் கேள்வியில் மறைந்துள்ள ஓர் எண்ணத்தையும் தொட வேண்டும்: புதிய செடி காட்டில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது என்பது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, புதிய சிற்றினங்களாக விவரிக்கப்பட்டவற்றில் 16 விழுக்காடு மட்டுமே சேகரித்த ஐந்து ஆண்டுக்குள் விவரிக்கப்பட்டன என்றும், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட பழைய மாதிரிகள் பயன்பட்டன என்றும் காட்டியது. இன்னும் பெயரிடப்படாத பூக்கும் தாவரங்களில் பாதிக்கும் மேல் ஏற்கெனவே காப்பகங்களில் இருக்கக்கூடும் என்பது அதன் மதிப்பீடு. நம் நாட்டிலேயே ஹப்பார்டியா என்ற புல்லைப் பாருங்கள். கர்நாடகத்தின் ஜோக் அருவியின் சாரலில் 1919-இல் செட்ஜ்விக்கும் பெல்லும் அதைச் சேகரித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்தே போர் என்பவர் அந்த மாதிரியை ஆராய்ந்து, அது புதிய சிற்றினம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று கண்டு, கியூவின் புல்லியல் அறிஞர் ஹப்பார்டின் பெயரை இட்டார். பின்னர் அணை வந்து அருவியின் நீர் குறைந்தது. அங்கே தேடியவர்களுக்குப் புல் அகப்படவில்லை. அழிந்துவிட்டது என்றே எழுதப்பட்டது. 2002-இல் மகாராஷ்டிரத்தின் தில்லாரிப் பகுதியில் ஈரப்பாறை ஒன்றில் அது மறுபடி காணப்பட்டது. நான் சொல்ல விரும்புவது இதுதான்: மலைக்குப் போக ஆர்வமுள்ள மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள், அலமாரியைத் திறக்க ஆர்வமுள்ளவர்கள் குறைவு. ஒரு பேரினம் முழுவதையும் பத்தாண்டு எடுத்து ஒழுங்குபடுத்தும் வேலைக்குக் கிடைக்காத மதிப்பு, ஒற்றைப் புதிய சிற்றினத்தை அறிவிக்கும் நான்கு பக்கக் கட்டுரைக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை இது மாறாது.

எல்லாச் சோதனையும் தாண்டிப் புதியது என்று உறுதியானால், வெளியிடும் விதிகள் திட்டமானவை. தாவரப் பெயர்களுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பின்படி பெயர் இலத்தீன் வடிவில் இருக்க வேண்டும்; நெருங்கிய சிற்றினத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பதையோ முழு விவரிப்பையோ இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ தர வேண்டும். 1935 முதல் 2011 இறுதிவரை இலத்தீன் கட்டாயமாக இருந்தது. 1958 முதல் டைப்பைக் குறிப்பிடாத பெயர் செல்லாது. 1990 முதல் அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாளிதழில் வந்த செய்தியால் எந்தப் பெயரும் நிலைபெறாது. இந்தியாவில் 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் இதோடு ஒரு கடமையைச் சேர்க்கிறது: புதிய உயிரினத்தைக் கண்டவர், அதற்கென நியமிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும்.

இனி உங்கள் செடிக்கு வருவோம். அதைப் பிடுங்கி வராதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம், பத்தே செடிகள் நிற்கும் இடத்தில் ஒன்றைப் பிடுங்குவது அதைவிடப் பெரிய இழப்பு. மறுபடி அந்த வழியே போனால் செடி முழுவதும், இலையின் இருபக்கம், கணுவும் இலையடிச் செதிலும், பூவின் முகம், பக்கம், பின்புறம், நீளவாக்கில் பிளந்த ஒரு பூ, காய் என்று தனித்தனியாகப் படமெடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அளவுகோல் இருக்கட்டும். இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் போடாதீர்கள். அரிய செடிகளைத் தேடி எடுத்து விற்பவர்கள் உண்டு. பிறகு கோயம்புத்தூரின் தென்வட்டார மையத்தையோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ரபினாட் காப்பகத்தையோ, புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தையோ அணுகலாம். எந்தக் குடும்பம் என்று நீங்களே கண்டறிந்து, அந்தக் குடும்பத்தில் வேலை செய்பவருக்கு எழுதினால் பதில் விரைவாக வரும். அனுமதி பெற்று மாதிரி எடுப்பது அவர்கள் பொறுப்பு. எந்த மாதத்தில் பூக்கிறது, எத்தனை செடிகள் நிற்கின்றன என்ற குறிப்பை உங்களைவிட நன்றாக யாராலும் தர முடியாது.